டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமுக்கு ஐடியா எங்கேர்ந்து எடுக்கலாம்: அறிவியலா, வரலாறா, கதைகளா?

ஒருத்தங்க கேட்ட கேள்வி இதுதான்: நண்பர்களோட டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (மேசையச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கதாபாத்திரமா பேசி, டைஸ் உருட்டி ஆடுறது) ஆரம்பிக்கப் போறாங்க, கேம் மாஸ்டர், அதாவது உலகத்த உருவாக்கி ஆட்டத்த நடத்துறவங்க, இவங்கதான், சொந்தமா ஒரு உலகம் உருவாக்கணும், அதுக்கு அறிவியல் படிக்கணுமா, வரலாறு படிக்கணுமா, இல்ல ஃபேன்டஸி, சயின்ஸ் ஃபிக்ஷன் நாவல்களே போதுமா, கூடவே எந்த சிஸ்டம், அதாவது எந்த விதித்தொகுப்பு, எடுக்கலாம்.

மூணும் படிங்க. ஆனா மூணுலேர்ந்தும் எடுக்குற பொருள் வேற வேற, அதுதான் முக்கியம். பல வருஷமா கேம் நடத்திட்டு இருக்குறவன்ங்கிற முறையில சொல்றேன், எங்கேர்ந்து எடுத்தாலும் கதைய எடுக்காதீங்க. அந்தக் கதையில, அந்த இடத்துல, அந்தக் காலத்துல மனுஷங்கள நெருக்குனது எதுவோ அத எடுங்க. ஏன்னா நாவல்ல ஹீரோ என்ன முடிவெடுக்கணும்னு எழுத்தாளர் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாரு, நம்ம டேபிள்ல நாலஞ்சு பேர் உக்காந்து அவங்கவங்க புத்திக்கு முடிவெடுப்பாங்க, நீங்க யோசிச்சு வெச்ச கிளைமாக்ஸ் ரெண்டாவது செஷன்லயே காணாம போயிடும். காணாம போகாதது அந்த உலகத்தோட நெருக்கடி மட்டும்தான்.

பழைய கேம்களப் பாத்தாலே இது தெரியும். 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமா டி அண்ட் டி) கொண்டு வந்தாங்க, அதுல மந்திரவாதி ஒரு மந்திரத்த மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பான், ஒருதடவ சொன்னா மனசுலேர்ந்து அழிஞ்சு போயிடும், மறுபடி படிச்சாத்தான் உண்டு. இது ஜாக் வான்ஸ்ங்கிற எழுத்தாளரோட கதைகள்லேர்ந்து எடுத்தது. 1979-ல வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடுல தன்னைத் தூண்டின எழுத்தாளர்கள் பட்டியலையே கைகாக்ஸ் பின்னிணைப்பா போட்டிருக்காரு, வான்ஸ் பேரும் அதுல இருக்கு. கவனிங்க, வான்ஸோட கதாபாத்திரங்களையோ கதையையோ அவர் எடுத்து டேபிள்ல வெக்கல, அந்த விதிய எடுத்தாரு. இன்னிக்கும் உலகம் முழுக்க பிளேயர்கள் "இந்த ஃபயர்பால் மந்திரத்த இப்பவே போடவா, கடைசியில வர்ற பெரிய எதிரிக்கு மிச்சம் வெக்கவா"ன்னு தவிக்கிறாங்கன்னா அந்த விதியோட மிச்சம்தான் காரணம்.

அதவிட எனக்குப் பிடிச்ச உதாரணம் மார்க் மில்லரோட டிராவலர், 1977. விண்வெளி கேம், ஆனா அதுல கப்பலவிட வேகமா எந்தச் செய்தியும் போகாது. ஒரு நட்சத்திரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவுற ஒரு ஜம்ப்புக்கு சுமார் ஒரு வாரம் ஆகும், அதனால ஒரு கிரகத்துல புரட்சி நடந்தா பக்கத்து நட்சத்திரத்துக்கே அது ஒரு வாரப் பழைய செய்தி. மேலோட்டமா பாத்தா சயின்ஸ் ஃபிக்ஷன், உள்ள இருக்குறது பாய்மரக் கப்பல் காலத்து வரலாறு. தலைநகர்லேர்ந்து உத்தரவு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, அங்க இருக்குற கேப்டன்தான் முடிவெடுக்கணும், அதாவது பிளேயர்கள்தான் முடிவெடுக்கணும். இதோட கப்பல் மேல 40 வருஷக் கடன் வேற, மாசாமாசம் கட்டணும், அதனால யாரும் பிளேயர்கள "போய் சாகசம் பண்ணுங்க"ன்னு தள்ள வேண்டியதே இல்ல, தவணையே தள்ளிடும்.

சரி, அறிவியல். இதுதான் பலபேர் கம்மியா பயன்படுத்துறது, எனக்கு ரொம்ப உதவுனது. மந்திரத்துல என்ன சிக்கல்னா கேம் மாஸ்டர் சொல்றதுதான் சட்டம், பிளேயர் தானா யோசிச்சுக் கண்டுபிடிக்க வழி கம்மி. இயற்கை அப்படி இல்ல, அது எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்துக்கும், அதனால பிளேயர்கள் சோதிச்சுப் பாக்கலாம், ஊகிக்கலாம், ஊகம் சரியா இருந்தா அத ஆயுதமா பயன்படுத்தலாம்.

1986 ஆகஸ்ட் 21 ராத்திரி கேமரூன்ல நியோஸ்ங்கிற எரிமலை வாய் ஏரியோட ஆழத்துல கரைஞ்சு கெடந்த கார்பன் டை ஆக்சைடு ஒரேயடியா பொங்கி வெளிய வந்துச்சு. காத்தவிட ஒன்றரை மடங்கு கனம்ங்கிறதால அது மேல போகாம பள்ளத்தாக்கு வழியா தண்ணி மாதிரி கீழ ஓடி, சுமார் 1,700 பேர் இறந்தாங்க, ஆடு மாடெல்லாம் போச்சு. இத படிச்சப்ப மனசு ரொம்ப கனத்துப் போச்சு, அதனால அந்த ஊரையோ அந்த மக்களையோ நான் என் டேபிளுக்குக் கொண்டு வரல, கொண்டு வரவும் கூடாது, அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்காங்க. எடுத்தது அந்த வாயு எப்படி நடந்துக்கும்ங்கிறத மட்டும்.

என் கேம்ல கற்பனையான ஒரு மலைநாடு, கீழ் கிராமத்துல ஒரு சத்தமும் இல்ல, வாசல்ல நாய்கள் செத்துக் கெடக்குது, யார் உடம்புலயும் காயம் இல்ல. பிளேயர்கள் மொதல்ல சாபம்னாங்க, அப்பறம் ரத்தக்காட்டேரின்னாங்க. ஒருத்தங்க தீப்பந்தத்த ஒரு குழிக்குள்ள எறக்கினாங்க, அணைஞ்சுது, மேல தூக்கிப் பத்த வெச்சு மறுபடி எறக்கினாங்க, மறுபடி அதே எடத்துல அணைஞ்சுது. டேபிள்ல ஒரு நிமிஷம் யாரும் பேசல, அப்பறம் எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனாங்க. அதுக்கப்பறம் வந்ததுதான் உண்மையான கேம், ஏரியில இன்னும் வாயு மிச்சம் இருக்கு, மேல் கிராமத்து ஜனங்க அறுவடைக்குக் கீழ எறங்கணும்னு நிக்கிறாங்க, என்ன செய்வீங்க? ஒரு பிளேயர் நீளமான குழாய ஏரி அடிவரைக்கும் விட்டு வாயுவக் கொஞ்சம் கொஞ்சமா வெளியேத்தலாமான்னு கேட்டாங்க. நெஜத்துலயும் அதையேதான் செஞ்சாங்க, 2001-ல நியோஸ் ஏரியில நிரந்தரமா குழாய் எறக்கினாங்க. அந்த பிளேயருக்கு இது முன்னாடியே தெரியாது, இயற்கை ஒழுங்கா இருக்குறதால அவங்களே யோசிச்சு அங்க போய் சேந்தாங்க.

அதே 1986-ல ருமேனியாவுல மோவிலே குகைய கண்டுபிடிச்சாங்க, மின்நிலையத்துக்கு எடம் பாக்கத் தோண்டுறப்ப தற்செயலா அகப்பட்டது. சுமார் 55 லட்சம் வருஷமா வெளியுலகத்தோட தொடர்பே இல்லாம மூடிக் கெடந்திருக்கு. வெளிச்சம் இல்ல, ஆக்சிஜன் வெளிக்காத்துல இருக்குறதுல பாதிதான், சில எடத்துல அதவிடக் கொறச்சல், ஹைட்ரஜன் சல்ஃபைடு நாத்தம். அப்படியிருந்தும் உள்ள அட்டை, பூரான், தேள்மாதிரி நீர்ப்பூச்சின்னு ஒரு கூட்டமே வாழுது, பல வகைக்குக் கண்ணே கெடையாது. சூரியனே இல்லாம எப்படின்னா கந்தக வாயுவ வெச்சு உணவு தயாரிக்கிற பாக்டீரியா தண்ணி மேல பாய் மாதிரி படர்ந்திருக்கு, அத சின்னப் பூச்சி தின்னுது, அத பெரிய பூச்சி தின்னுது. டன்ஜன், அதாவது பிளேயர்கள் உள்ள போய்த் தேடுற நிலவறை, டிசைன் பண்றவங்க எல்லாரும் மாட்டிக்கிற கேள்வி ஒண்ணு இருக்கில்ல, "இந்த மான்ஸ்டர் இத்தன காலமா உள்ள எதத் தின்னு உயிரோட இருந்துச்சு?" அதுக்கு இது முழு பதில். உணவுச்சங்கிலிய கீழேர்ந்து வரைஞ்சுட்டீங்கன்னா டன்ஜன் தானா வளரும், பாயக் கொளுத்துனா ஒரு மாசத்துல மேல இருக்குற வேட்டை விலங்கெல்லாம் பசியில வெளிய வரும், அத செய்யலாமா வேணாமான்னு பிளேயர்கள் சண்ட போடுவாங்க.

மெக்சிகோ நைக்கா சுரங்கத்துல இருக்குற படிகக் குகை இன்னொண்ணு, இப்ப அது தண்ணியில மூழ்கிடுச்சு, ஆனா மனுஷங்க உள்ள போன காலத்துல வெப்பம் 58 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போச்சு, ஈரப்பதம் ரொம்ப அதிகம், பாதுகாப்பு உடை இல்லாம சில நிமிஷத்துக்கு மேல நிக்க முடியல. பூதம் எதுவும் வேணாம், ஒரு கடிகாரம் போதும்.

வரலாறுன்னா பலபேர் ராஜா பட்டியலும் போர்க்களமும் தேடுறாங்க. எனக்கு அதெல்லாம் பெருசா பயன்பட்டதில்ல. கடன், ஒப்பந்தம், வரி, யாருக்கு யார் மேல கோபம், இத தேடுங்க. நாலாவது சிலுவைப்போர எடுத்துக்கோங்க. 1201-ல சிலுவைப்போர்த் தலைவர்கள் வெனிஸ் நகரத்தோட ஒப்பந்தம் போட்டாங்க, 33,500 பேர ஏத்திட்டுப் போக கப்பல், விலை 85,000 மார்க் வெள்ளி. அடுத்த வருஷம் வந்து சேந்தது அதுல மூணுல ஒரு பங்கு ஆளுங்கதான், கையில இருந்ததையெல்லாம் போட்டும் 34,000 மார்க் பாக்கி. வெனிஸ்காரங்க அந்த வருஷம் வேற வியாபாரத்த நிறுத்திட்டுக் கப்பல் கட்டியிருக்காங்க, அவங்களாலயும் விட முடியாது. சரி, கடனுக்குப் பதிலா ஜாரா நகரத்தப் பிடிச்சுக் குடுங்கன்னாங்க, அது கிறிஸ்தவ நகரம், போப் வேணாம்னு சொல்லியும் பிடிச்சாங்க. அப்பறம் ஒரு பைசாண்டிய இளவரசன் வந்து என்னை அரியணையில ஏத்துனா 2 லட்சம் மார்க் தர்றேன்னான், அவனாலயும் முழுசா குடுக்க முடியல, 1204-ல பைசாண்டியப் பேரரசோட தலைநகர் கான்ஸ்டான்டினோபிள் சூறையாடப்பட்டுச்சு. எருசலேமுக்குன்னு கெளம்புன படை எங்க போய் நின்னுச்சு பாருங்க. இதுல உலகத்த அழிக்கணும்னு நெனச்ச வில்லன் யாரும் இல்ல, ஒவ்வொரு படியிலயும் ஒவ்வொருத்தருக்கும் நியாயம்னு பட்டதத்தான் செஞ்சாங்க. நான் எந்தக் கூட்டத்த உருவாக்குனாலும் இப்பல்லாம் மூணு வரிதான் எழுதி வெக்கிறேன், அவங்களுக்கு என்ன வேணும், யாருக்கு எவ்வளவு பாக்கி, எத வெளிய சொல்ல முடியாது.

நம்ம வரலாறுலயும் இப்படி விஷயம் கொட்டிக் கெடக்கு, ஐந்நூற்றுவர் வணிகக் குழு ஒண்ணே போதும். சரக்கு ஏத்திட்டுப் போறவங்களே பாதுகாப்புக்குச் சொந்தமா வீரர்கள வெச்சிருந்தாங்க, சுமத்ரா தீவுல பாரூஸ் பக்கம் 1088-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டுல அவங்க பேர் இருக்கு. வியாபாரி, காவல்வீரன், மாலுமி, எழுத்துக்கணக்கு பாக்குறவன்னு ஒரு பிளேயர் குழு எதுக்காக ஒண்ணா ஊர் ஊரா சுத்துதுங்கிறதுக்கு இதவிட நல்ல காரணம் நான் பாத்ததில்ல.

வரலாறுல ஒரு எச்சரிக்கை மட்டும். டேபிள்ல ஒருத்தருக்கு அந்தக் காலகட்டம் உங்களவிட நல்லா தெரிஞ்சிருக்கும், "அப்ப அந்த மாதிரி கத்தியே கெடையாது"ன்னு கேம் நின்னுடும். பேரு, ஊரு எல்லாத்தையும் மாத்தி உங்க சொந்த உலகமாக்கிடுங்க, பிரச்சினை போயிடும். அடிமை முறை, படுகொலை மாதிரி விஷயம் வரும்னா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் வெளிப்படையா கேட்டுடுங்க, ஒருத்தர் வேணாம்னா வேணாம்தான்.

அப்ப கதைகள் எதுக்கு? எல்லாரும் ஒரே மனநிலைக்கு வர்றதுக்கு. "இது துப்பறியும் கதை"ன்னு ஒரே வார்த்தை சொன்னா போதும், அஞ்சு பேரும் சாட்சிய விசாரிக்க ஆரம்பிச்சிடுவாங்க, "இது திகில்"னா தனியா மாடிக்குப் போக யோசிப்பாங்க. நீங்க பத்து பக்கம் விளக்குறத ஒரு ஜானர், அதாவது கதை வகை, ஒரு நொடியில செஞ்சிடும். 1981-ல சாண்டி பீட்டர்சன் உருவாக்கின கால் ஆஃப் துலு கேம்ல சானிட்டின்னு ஒரு நம்பர் இருக்கு, பயங்கரத்தப் பாக்கப் பாக்க அது கொறையும், ரகசியப் புத்தகத்தப் படிச்சா விஷயம் தெரியும், ஆனா புத்தி கலங்கும். தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆசையும் தெரிஞ்சுக்கப் பயமும் ஒரே நம்பர்ல வந்துடுச்சு. ஆனா கதையில நடக்குறது டேபிள்ல அப்படியே நடக்காது, துப்பறியும் கதையில துப்பு கண்டிப்பா ஹீரோ கண்ணுல படும், டேபிள்ல டைஸ் தப்பா விழுந்தா படாது, கேஸ் அங்கயே நின்னுடும். ராபின் லாஸ் உருவாக்கின கம்ஷூ சிஸ்டம்ல இதுக்கு நேரடியான தீர்வு இருக்கு, கதை நகர அவசியமான துப்புக்கு டைஸே கெடையாது, சரியான திறமை உள்ளவங்க சரியான எடத்துல தேடுனா கெடைச்சிடும், அத வெச்சு என்ன புரிஞ்சுக்கிறாங்கங்கிறதுதான் கேம். எந்த சிஸ்டம்ல ஆடுனாலும் இந்தப் பழக்கத்த எடுத்துக்கோங்க.

மொத செஷனுக்கு மூணுலேர்ந்தும் ஒவ்வொண்ணு எடுத்துக் கோத்துப் பாருங்க. இடம் மோவிலே மாதிரி மூடிக் கெடந்த ஒரு குகை, இப்பதான் ஒரு சுரங்கக் கம்பெனி ஒடச்சுத் திறந்திருக்கு. மனுஷங்க பக்கம் ஒரு கடன், அந்தக் கம்பெனி நகரத்து வணிகர்களுக்குப் பெரிய தொகை பாக்கி, சுரங்கத்த மூடுனா ஊரே திவால். மனநிலை துப்பறியும் கதை, மூணு தொழிலாளிங்க காணோம், விசாரிக்கத்தான் உங்க பிளேயர்கள் வந்திருக்காங்க. முடிவு எழுதாதீங்க. யார் எத மறைக்கிறாங்கன்னு மட்டும் ஒரு பக்கத்துல குறிச்சு வெச்சுக்கோங்க.

கடைசியா சிஸ்டம் கேட்டிருந்தீங்க. எல்லாரும் புதுசுன்னா டி அண்ட் டி அஞ்சாவது எடிஷன்ல ஆரம்பிக்கலாம், அடிப்படை விதிகள் இலவசமாவே கெடைக்குது, ஆனா அது சண்டைக்கும் சாகசத்துக்கும் கட்டுனது, மேல சொன்ன குகைக் கதைக்கு கால் ஆஃப் துலுவோ கம்ஷூவோ நல்லா ஒக்காரும். விண்வெளின்னா யோசிக்காம டிராவலர் எடுங்க. கேரக்டரோட குணமே பிரச்சினையா இருக்கணும்னா கிரெக் ஸ்டாஃபோர்டோட பென்ட்ராகன், 1985-ல வந்தது, அதுல இரக்கமும் கொடூரமும், வீரமும் கோழைத்தனமும் ஜோடி ஜோடியா நம்பரா இருக்கும், ஒண்ணு ஏறுனா இன்னொண்ணு எறங்கும். விதிப்புத்தகம் முழுசும் படிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேணாம், கேரக்டர் உருவாக்குறதும் டைஸ் உருட்டுறதும் புரிஞ்சா ஆளுங்களக் கூப்பிட்டுடுங்க.