நிஷி-கசாய் போகலாமா? வாசகியின் கேள்வியும் பதிலும்

கேள்வி: என் கணவருக்கு டோக்கியோவில் மூன்று வருட வேலை. அலுவலகம் ஓதெமாச்சியில். மகள் நான்காம் வகுப்பு, சி.பி.எஸ்.இ.; மகனுக்கு மூன்று வயது. நாங்கள் சைவம். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அங்கே வேலைக்குப் போகும் எண்ணமும் இல்லை. மாதம் 1,80,000 யென் வரை வாடகையை நிறுவனமே தரும். தெரிந்தவர்கள் எல்லாரும் அங்கே இந்தியர்கள் அதிகம் வசிக்கும் நிஷி-கசாய்க்குப் போகச் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும், "அது வெள்ளக்காடு, போகாதீர்கள்" என்கிறார். எங்கே வீடு பார்ப்பது?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டு தரப்பும் சொல்வது சரிதான் சகோதரி. ஆனால் ஊரை முடிவு செய்யும் முன் மகளின் பள்ளியை முடிவு செய்யுங்கள். உங்கள் விஷயத்தில் பள்ளிதான் வீட்டைத் தீர்மானிக்கும்.

மூன்று வருடத்தில் திரும்பும்போது மகள் ஏழாம் வகுப்புக்கு வருவாள். அப்போது இங்கே தடுமாறாமல் சேர வேண்டுமென்றால் அங்கேயும் சி.பி.எஸ்.இ. படிப்பதே நல்லது. நிஷி-கசாய் அடங்கிய எடோகாவா வார்டின் கசாய் பகுதியில் குளோபல் இந்தியன் இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்கிறது. பக்கத்துக் கோட்டோ வார்டில் இந்தியா இன்டர்நேஷனல் ஸ்கூல் இன் ஜப்பான். இதற்கு யோகஹாமாவிலும் கிளை உண்டு. அரசுத் தொடக்கப்பள்ளி வெளிநாட்டுக் குழந்தைகளையும் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் பாடமெல்லாம் ஜப்பானிய மொழியில். மதிய உணவில் காய்கறி சூப் என்று வருவதிலும் மீன் சாறு கலந்திருக்கலாம். அந்த வழியில் போனால் தினமும் டப்பா கட்டித் தர பள்ளியிடம் முன்பே பேசி வைக்க வேண்டும். எந்தப் பள்ளியானாலும், இடம் உறுதி என்று எழுத்தில் வரும் வரை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வருடத்துக்குள் காலி செய்தால் ஒரு மாத வாடகை அபராதம் என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கும்.

மகனுக்கு ஹோய்குவென் என்னும் பகல் காப்பகத்தைப் பலர் சொல்வார்கள். பெற்றோர் இருவருமே வேலை போன்ற காரணம் காட்டினால்தான் வார்டு அலுவலகம் அதில் இடம் ஒதுக்கும். நீங்கள் வீட்டில் இருப்பதால் யோச்சியென் என்ற மழலையர் பள்ளிதான் பொருந்தும். அது மதியம் இரண்டு மணியளவில் முடிந்துவிடும். அதனால் அது வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். ஒரு நாளில் இரண்டு முறை போய்வரப்போவது நீங்கள்தான்.

இனி ரயில். 2000-ஐ ஒட்டி ஒய்2கே வேலைக்கு (கணினிகளில் 2000-ஆம் ஆண்டுத் தேதிக் கோளாறைச் சரிசெய்ய) வந்த இந்திய மென்பொருள்காரர்கள் நிஷி-கசாயில் தங்கியதற்கு டோசாய் லைன் என்ற மெட்ரோ ரயில் தடம் ஒரு பெரிய காரணம். வண்டி மாறாமல் கால் மணி நேரத்தில் ஓதெமாச்சி. அந்த வசதிக்கு விலை காலை நெரிசல். கொரோனாவுக்கு முன் இந்தத் தடத்தின் கிபா - மொன்சென்-நகாச்சோ பகுதியில் நெரிசல் 199 சதவீதம், அதாவது வண்டியின் கொள்ளளவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கூட்டம். டோக்கியோ வட்டாரத்திலேயே மோசமான தடங்களில் ஒன்று. பிறகு குறைந்தது, ஆனாலும் எட்டு மணி வண்டியில் புத்தகம் விரிக்க முடியாது. உங்கள் கணவருக்கு அது தாங்கும். மகள் அதே நேரத்தில் அதே திசையில் ஏற வேண்டிவந்தால் தாங்காது. ஆகவே கசாய்ப் பள்ளி என்றால் கசாயிலேயே வீடு. கோட்டோ பள்ளி என்றால் டோயேய் ஷின்ஜுகு லைனில் ஓஜிமா, ஹிகாஷி-ஓஜிமா பக்கம் பாருங்கள். அங்கிருந்து சுமியோஷியில் டோக்கியோ மெட்ரோவின் ஹன்சோமோன் லைனுக்கு மாறினால் ஓதெமாச்சி. டோயேயும் டோக்கியோ மெட்ரோவும் வேறு வேறு நிறுவனங்கள். கட்டணத்தையும் தனித்தனியே பிடிப்பார்கள். மாதப் பாஸ் விலை கூடும் என்பதை நிறுவனத்திடம் சொல்லி வையுங்கள்.

யோகஹாமா கிளையை ஒட்டிய கிரிகாவோகா மேட்டு நிலம், மரங்கள் அடர்ந்தது, வெள்ளப் பயமில்லை. ஆனால் பேருந்து, ரயில், மறுபடி ரயில் என்று ஓதெமாச்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணவர் வீடு திரும்புவதற்குள் குழந்தைகள் தூங்கியிருப்பார்கள். டோக்கியோ நடுவிலுள்ள ஹிரோ, அசாபு பக்கம் மேற்கத்தியக் குடும்பங்கள் அதிகம். உங்கள் வாடகைக்கு நான்கு பேர் வாழும் வீடு அங்கே கிடைப்பது கடினம்.

வெள்ளத்துக்கு வருவோம். எடோகாவா வார்டின் பெரும்பகுதி, கடல் ஏற்றத்தின்போது கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. மேற்கே அராகாவா ஆறு, கிழக்கே எடோகாவா ஆறு, தெற்கே டோக்கியோ வளைகுடா. 2019-இல் வார்டு நிர்வாகமே அச்சிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையில் "இங்கே இருக்கக் கூடாது" என்று போட்டிருந்தார்கள். பெருவெள்ளம் வந்தால் தண்ணீர் வடிய இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பது அவர்கள் கணக்கு. மாடி வீடு பிடித்துவிட்டால் போதும் என்பார்கள். இரண்டு வாரம் மின்சாரமும் கழிப்பறையும் இல்லாமல் ஒன்பதாவது மாடியில் மூன்று வயதுக் குழந்தையோடு இருப்பதை நினைத்துப் பாருங்கள். எச்சரிக்கை வந்ததும் மேற்கே எங்கே போய்த் தங்குவது என்பதை முதல் மாதமே முடிவு செய்துவிடுங்கள்.

அதற்காக வார்டையே ஒதுக்க வேண்டியதில்லை. தெற்கே கடலைத் தூர்த்து உண்டாக்கிய செய்ஷின்-ச்சோ, ரின்காய்-ச்சோ நிலம் பழைய கசாயைவிட உயரம். வரைபடத்தில் வெள்ளம் எட்டாத இடங்கள் அங்கே இருக்கின்றன. அராகாவா ஓரம் உயர்ந்த கரைமேல் கட்டிய கொமாட்சுகாவா குடியிருப்பும் அப்படித்தான். தூர்த்த நிலத்துக்கு வேறொரு குறை உண்டு: 2011 நிலநடுக்கத்தில் அடுத்த ஊரான உராயாசுவில் நிலம் சேறாய்க் குழைந்தது. ஆழத்தூண் மேல் நிற்கும் கட்டடம் தாங்கினாலும் குடிநீர், கழிவுக் குழாய்கள் உடையும். இரண்டையும் எடை போட்டால் நாங்கள் செய்ஷின்-ச்சோவைத்தான் சொல்வோம். நிஷி-கசாய் ஸ்டேஷனுக்குப் பேருந்திலோ சைக்கிளிலோ போகலாம், தரை சமதளம். 2020 ஆகஸ்டிலிருந்து, ஒப்பந்தத்துக்கு முன் அந்த வீடு வெள்ள வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று ஏஜென்ட் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டடம் 1981 ஜூன் 1-க்குப் பிறகு அனுமதி பெற்றதா என்றும் கேளுங்கள். நிலநடுக்க விதிகள் அன்றுதான் கடுமையாகின.

செய்ஷின்-ச்சோவிலும் கொமாட்சுகாவாவிலும் யூ.ஆர். என்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் வீடுகள் உண்டு. அட்வான்ஸ் இரண்டு மாதம், குடிபுகும் மாதத்தில் மிச்ச நாள்களுக்கான வாடகை, அவ்வளவுதான். தனியாரிடம் போனால் அட்வான்ஸ் ஒரு மாதம், உரிமையாளருக்குத் திரும்பி வராத "நன்றிப் பணம்" ஒரு மாதம், ஏஜென்ட் கமிஷன் ஒரு மாதமும் வரியும், வாடகைக்கு ஜாமீன் நிற்கும் நிறுவனத்துக்கு அரை மாதம், முன்வாடகை, பூட்டு மாற்ற, தீக்காப்பீடு என்று ஐந்து மாத வாடகை வரை கையைவிட்டுப் போகும். இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்க இன்னொரு மாதம். யூ.ஆரில் ஜாமீனும் புதுப்பிப்புக் கட்டணமும் கிடையாது. உங்கள் வாடகை அளவுக்கு மாத வருமானம் 3,30,000 யென் என்று காட்ட வேண்டும். நிறுவனத்தின் சான்றுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். வீடு முந்தியவருக்கு. குடியிருப்பு அட்டை கையில் இருக்க வேண்டும் என்பதால் கோவையிலிருந்தே பிடிக்க முடியாது. முதல் 30-45 நாள் தற்காலிக அபார்ட்மென்ட் கேளுங்கள். கணவர் முதலில் போய், நீங்கள் பிறகு சேர்ந்தாலும் சரி.

விளம்பரத்தில் "ஸ்டேஷனிலிருந்து 10 நிமிடம்" என்றால் 800 மீட்டர். நிமிடத்துக்கு 80 மீட்டர், சிக்னலில் நிற்கும் நேரம் சேர்க்காமல். குழந்தையோடு நடந்தால் கால் மணிக்கு மேல். மூன்று அறை, 65 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் 700 சதுர அடி. பழைய யூ.ஆர். ஐந்து மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் இல்லாதவை உண்டு. பையன் ஓடுகிற வயது. கீழ்வீட்டுப் புகாருக்கு அஞ்சினால் தரைத்தளமே நல்லது என்று தோன்றும், அதை வெள்ள வரைபடம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அடுப்பைப் பெரும்பாலும் நாம்தான் வாங்க வேண்டும். நகரக் குழாய் எரிவாயுவா, சிலிண்டரா என்று தெரிந்த பிறகே வாங்குங்கள். ஒன்றின் அடுப்பை மற்றதில் பொருத்துவது ஆபத்து. தாளிக்கும் எண்ணெய்ப் புகை சுவர்க்காகிதத்தில் படிந்தால் காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிப்பார்கள். அடுப்புக்கு மேல் வலுவான புகைவிசிறி இருக்கிறதா என்று இயக்கிப் பார்க்கவும். அங்கே மின்சாரம் 100 வோல்ட் என்பதால் இங்கிருந்து கிரைண்டர் கொண்டுபோனால் மின்மாற்றியும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டைப் பார்க்க ஒரு வார நாள் காலை ஏழரைக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அங்கிருந்து பள்ளி வாசல் வரை மகளோடும், அலுவலகம் வரை கணவரும் அந்த நேரத்திலேயே ஒரு முறை போய்வந்த பிறகு முன்பணம் கட்டலாம். குடிபுகுந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். குழந்தைகளின் மருத்துவச் செலவுக்கான அட்டையையும் அன்றே கேட்டுவிடுங்கள்.