கேளுங்கள்: உபுண்டுவில் எந்த உலாவி?

கேள்வி: 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியில் உபுண்டு 22.04 இயங்குதளத்தை நிறுவியுள்ளேன். ஃபயர்ஃபாக்ஸ் திறக்கவே தாமதமாகிறது. குரோமியம் உலாவிக்கு மாறலாமா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: மாறுவதால் பெரிய பயன் இராது, உபுண்டுவில் குரோமியமும் ஃபயர்ஃபாக்ஸைப் போலவே ஸ்னாப் பொதியாகத்தான் (தனக்குத் தேவையான துணைக் கோப்புகளையும் உள்ளடக்கிய நிறுவல் பொதி) வருகிறது. கணினியை இயக்கியபின் முதன்முறை திறக்கும்போது நேரும் தாமதத்துக்குப் பெரும்பாலும் அந்தப் பொதிமுறையே காரணம். எனவே, ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மோசில்லா நடத்தும் ஏபிடி களஞ்சியத்தை (உபுண்டு மென்பொருள்களைப் பெறும் இணையக் கிடங்கு) சேர்த்து, அதற்கு முன்னுரிமை தரும் அமைப்புக் கோப்பையும் எழுதியபின், அங்கிருந்து டெப் பொதியை (உபுண்டுவின் வழக்கமான நிறுவல் பொதி வடிவம்) நிறுவுங்கள். பலர் முன்னுரிமையை மறந்துவிடுவதால், உபுண்டுவின் சொந்த ஃபயர்ஃபாக்ஸ் பொதி மீண்டும் ஸ்னாப்பையே கொண்டுவந்து சேர்க்கிறது. ஸ்னாப், டெப் இரண்டின் பயனர் கோப்புறைகளும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், ஸ்னாப்பை நீக்குமுன் புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். 4 ஜிபிக்கு எந்த உலாவியானாலும் திறந்திருக்கும் தாவல்களைக் குறைத்தே ஆகவேண்டும்.