மூன்று சீஸ் போதும்: தட்டுக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: வீட்டுக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு சீஸ் தட்டு வைக்க ஆசை. எந்த சீஸ், எவ்வளவு வாங்கலாம்? (வாசகி, கோவை)

பதில்: மூன்று வகைக்கு மேல் வேண்டாம். ஆறு வகை வாங்கினால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிஞ்சி, ஃபிரிட்ஜில் கிடந்து காயும். சாப்பாட்டுக்கு முன் கொறிக்க என்றால் தலைக்கு 60 முதல் 75 கிராம். உங்களுக்கு 200 கிராம் பாக்கெட் மூன்று வாங்கினால் சரியாக இருக்கும்.

மூன்றும் வாயில் வேறு வேறாகத் தெரிய வேண்டும். உதிரும் பதத்தில் முதிர்ந்த செடார், இழைந்து வெட்டுப்படும் கௌடா, கத்தியால் தடவுகிற பிரீ அல்லது கேமம்பேர். நீலப் பூஞ்சை ஓடிய புளூ சீஸின் வாடை பழகாதவர்களுக்கு ஒத்துவராது. விரும்புகிறவர் இருந்தால் மட்டும் 100 கிராம் வாங்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இறக்குமதிச் சரக்குதான் வேண்டும் என்பதில்லை. கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் செய்கிற சீஸை முதலில் தேடிப் பாருங்கள். கப்பல் செலவும் சுங்க வரியும் அதன் விலையில் இல்லை.

கேள்வி: எல்லா அட்டையிலும் ‘சீஸ்’ என்றுதான் இருக்கிறது. விலை மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். பால், உப்பு, கல்ச்சர் (பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்), ரென்னெட் அல்லது என்சைம் (பாலைத் திரியவைப்பது) என்று நாலைந்து பெயரோடு முடிந்தால் அது இயல்பான சீஸ். எமல்சிஃபையர் (கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் உப்பு) 331, 339 என்று எண்கள் வந்தால், அது சீஸை உருக்கி மறுபடி வார்த்த புராசெஸ்டு சீஸ். ஸ்லைஸ், க்யூப், டின் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான். கெடுதல் என்று சொல்லவில்லை; உருக்கும்போது எண்ணெய் பிரியாமல் இருக்கத்தான் அந்த உப்புகள். டோஸ்ட்டுக்கு அருமையாக இருக்கும். தட்டில் வைத்தால் முதல் துண்டும் கடைசித் துண்டும் ஒரே சுவை. தாவர எண்ணெய் என்று பட்டியலில் இருந்தால் அது பாலில் செய்த சீஸே அல்ல, விட்டுவிடுங்கள்.

விலையை ஒப்பிட எம்.ஆர்.பி. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ‘யூனிட் சேல் பிரைஸ்’ உதவும். ஒரு கிராம் என்ன விலை என்பது அதில் தெரியும். சைவ வீடு என்றால் பச்சைப் புள்ளியைப் பார்த்து எடுங்கள். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலிய சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி.

கேள்வி: தொட்டுக்கொள்ள என்ன வைப்பது? கடையில் ‘சீஸ் பிளாட்டர் கிட்’ என்று ஒரு பெட்டி பார்த்தேன்.

பதில்: அந்தப் பெட்டியில் காசு போவது பெட்டிக்குத்தான். சீஸில் உப்பும் கொழுப்பும் தூக்கலாக இருக்கும். அதைச் சமன் செய்ய ஓர் இனிப்பு, நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவ ஒரு புளிப்புப் பழம், கடிக்க ஒரு மொறுமொறு. மூன்றும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்.

செடாருக்கு என் முதல் தேர்வு கோவில்பட்டி கடலை மிட்டாய். வெல்லமும் வறுத்த கடலையும் முதிர்ந்த செடாரின் காரசாரமான உப்போடு அப்படிச் சேரும். 150 கிராம் போதும். விரல் நக அளவுக்கு உடைத்து, கடைசி நிமிடத்தில் வையுங்கள். முன்பே வைத்தால் ஈரக்காற்றில் பிசுபிசுத்துப் பல்லில் ஒட்டும். கௌடாவுக்குப் பேரீச்சை: பத்துப் பழத்தைக் கொட்டை நீக்கி நீளவாக்கில் பிளந்தால் போதும். பிரீக்குத் தேன், நாலு ஸ்பூன், சின்னக் கிண்ணத்தில். சீஸ் மேலேயே ஊற்றினால் தட்டு முழுக்க ஓடி கிராக்கர் நமுத்துவிடும்.

பழத்தில் விதையில்லாத திராட்சை கால் கிலோ. கம்பம் பன்னீர் திராட்சை வாசனையில் ஒரு படி மேல்தான். ஆனால் தோலையும் விதையையும் துப்ப இடம் தேட வேண்டும், விருந்தில் சங்கடம். ஆப்பிள் கறுக்காமலிருக்க, ஒரு கப் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புக் கரைத்து, துண்டுகளை ஐந்து நிமிடம் போட்டு, அலசி, துணியால் ஒற்றி எடுங்கள்.

வால்நட் 100 கிராம். வெளிர் மஞ்சளாக இருந்தால் புதுசு. பழைய எண்ணெய் வாடை அடித்தால் காறிப்போய்விட்டது, வறுத்தாலும் அது மறையாது. புதுசை ஓவனில் 160 டிகிரியில் எட்டு நிமிடம், அல்லது அடிகனமான வாணலியில் சிறு தீயில் வறுங்கள். ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும். கிராக்கர் உப்பு, மசாலா இல்லாததாக, தலைக்கு ஆறு.

கேள்வி: போன தடவை வைத்த சீஸ் எண்ணெய் கக்கி வியர்த்துவிட்டது. ஏன்?

பதில்: ஃபிரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் எடுங்கள் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஊர் 32 டிகிரியில் பால் கொழுப்பில் பெரும்பகுதி இளகிவிடும். அதுதான் மேலே எண்ணெயாகப் பூக்கிறது. கெட்டி சீஸை 20 நிமிடம், பிரீயை 15 நிமிடம் முன்னால் எடுத்தால் போதும். வெட்டுவதைக் குளிர்ச்சியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பாதியை முதலில் வைத்து, மீதியை ஃபிரிட்ஜில் வைத்திருந்து நிரப்புவது நல்லது. ஏசி இல்லாத அறையில் மிருதுவான சீஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள் இருந்தால் பிரீ, கேமம்பேர், புளூ மூன்றையும் தவிர்க்கச் சொல்லுங்கள். லிஸ்டீரியா கிருமி அபாயம் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. சிறு பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள், முழுக் கொட்டைகள் வேண்டாம்.

கேள்வி: பிரித்த செடாரில் வெள்ளையாக ஏதோ இருந்தது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: விரலால் தேய்த்துப் பாருங்கள். மணல்போல் நறநறத்தால் அது கால்சியம் லாக்டேட் படிகம். முதிர்ந்த செடாரில் சகஜம், தாராளமாகச் சாப்பிடலாம். பஞ்சுபோல் மெத்தென்றோ பச்சை, கறுப்பாகவோ இருந்தால் பூஞ்சை. பிரிக்கும்போதே அது இருந்தாலோ உறை உப்பியிருந்தாலோ மாற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பில்லோடு, பேட்ச் எண்ணும் தேதியும் தெரியும்படி உறையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். வெட்டி எடை போட்டுத் தரும் கவுன்ட்டரில் வாங்கும்போது மூலப் பாக்கெட்டின் லேபிளையும் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் வைத்திருந்து பூத்தது வேறு கதை. கெட்டி சீஸ் என்றால் சுற்றிலும் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். மிருதுவானது என்றால் முழுவதும் குப்பைக்கு. மிச்சத்தை பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் வையுங்கள். ஃபிரீசரில் வைத்தால் வெட்டும்போது பொடிப்பொடியாக உதிரும். பிறகு துருவி தோசை மேல் தூவத்தான் ஆகும்.