தேக்கந்தோப்பில் எதை விடுவது, எதை வெட்டுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரு ஹலசூருவில் இருக்கிறேன். கனகபுரா பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் தேக்கந்தோப்பு உண்டு. இரண்டு மீட்டருக்கு ஒன்றாக 2016இல் நட்டோம், சுமார் 2,000 மரம். இப்போது உயரம் 10 மீட்டர், சுற்றளவு 36 செ.மீ. இருக்கும். இலையெல்லாம் உச்சியில்தான். வனத்துறையில் இருந்த ஒருவர் வந்து பார்த்து, “கேனபி மூடிவிட்டது, தின்னிங் செய்யாமல் விட்டுவிட்டீர்கள், பேசல் ஏரியா போட்டுப் பாருங்கள்” என்றார். அந்தச் சொற்களே எனக்குப் புரியவில்லை. ஒரு வியாபாரி பருமனான மரங்களை மட்டும் கேட்கிறார். அம்மாவோ வளர்கிற மரத்தில் கை வைக்கவே கூடாது, காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்கிறார். என்ன செய்வது?

ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வியாபாரியிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவர் கேட்பவைதான் உங்கள் தோப்பின் நல்ல மரங்கள். அவை போனால் மிச்சம் இருப்பவை பல வருஷமாக வெயில் கிடைக்காமல் ஒடுங்கியவை. அவற்றில் பல இனி பருமனாகவே ஆகாது.

அம்மா சொல்வது இயற்கைக் காட்டுக்குச் சரி. அங்கே பல சாதி மரங்கள், பல வயது, உயரத்துக்கு உயரம் தனித்தனி அடுக்கு. உங்கள் தோப்பில் எல்லாம் ஒரே சாதி, ஒரே வயது, ஒரே உயரம். ஒரே மட்டத்து வெளிச்சத்துக்கு 2,000 மரம் அடித்துக்கொள்கின்றன. தலைகள் ஒன்றோடொன்று தொட்டு வானத்தை அடைத்துவிட்டதைத்தான் அந்த வனத்துறைக்காரர் கேனபி மூடியது என்றார். அதற்குப் பிறகு கீழ்க்கிளைகள் காய்ந்து உதிரும், இலை உச்சிக்கு ஓடும், தண்டு பெருப்பது மந்தமாகும். அப்படியே விட்டாலும் சில மரங்கள் சாகத்தான் போகின்றன. ஆனால் அதற்குள் எல்லாமே நலிந்திருக்கும்.

பேசல் ஏரியா நெருக்கத்தைச் சொல்லும் கணக்கு. ஒரு எக்டேரில் உள்ள அத்தனை மரங்களையும் நாலரை அடி உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், குறுக்கே அறுத்தால் தெரியும் வட்டங்களின் மொத்தப் பரப்பு அது. தோப்பின் உட்பக்கத்தில் கயிறு கட்டி 20க்கு 20 மீட்டர் சதுரம் போடுங்கள். ஓரத்தில் போடாதீர்கள், வெளிச்சம் கிடைத்த ஓர மரங்கள் பருத்திருக்கும், கணக்கு பொய்யாகும். 1.37 மீட்டருக்கு ஒரு குச்சி வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு மரத்தோடும் அதை நிறுத்தி அந்த உயரத்தில் டேப்பைச் சுற்றுங்கள். சரிவென்றால் மேட்டுப்பக்கம் நின்று அளக்க வேண்டும். அந்த இடத்தில் முண்டு இருந்தால் சற்று மேலே. நாலரை அடிக்குக் கீழேயே கவைத்திருந்தால் இரண்டு மரமாக எழுதுங்கள்.

சுற்றளவை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்கி, 12.57ஆல் வகுத்தால் ஒரு மரத்தின் பரப்பு. 36 செ.மீ. மரத்துக்கு 0.0103 சதுர மீட்டர். சராசரி எடுத்துப் பெருக்காதீர்கள், மரம் மரமாகப் போட்டுக் கூட்டுங்கள். சதுரத்தில் 100 மரமும் இருந்தால் 1.03 வரும். எக்டேருக்கு மாற்ற 25ஆல் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட 26. தேக்குத் தோப்பில் 20ஐத் தாண்டும்போதே கலைப்பு தேவை என்று கொள்ளலாம். சில மரங்களை வெட்டி நெருக்கத்தைக் குறைப்பதுதான் கலைப்பு, அவர் சொன்ன தின்னிங். மண் மாறும் மறுகோடியிலும் ஒரு சதுரம் அளந்து பாருங்கள்.

வழக்கமான முறை எளிது. ஐந்தாம் வருஷம் வாக்கில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூலைவிட்ட வரிசைகளை எடுப்பார்கள், 2,000 மரம் 1,000 ஆகும். பத்தாம் வருஷம் வாக்கில் எஞ்சியதில் ஒன்றுவிட்டு ஒரு வரிசை. 4க்கு 4 மீட்டரில் 500 நிற்கும். நீங்கள் முதல் கலைப்பையே தவறவிட்டதால் இப்போது ஒரேயடியாக 500க்கு இறங்கக் கூடாது. உங்கள் மரத்தின் விட்டம் 11.5 செ.மீ., உயரம் 10 மீட்டர். உயரம் விட்டத்தைப்போல 87 மடங்கு. இதுவரை பக்கத்து மரத்தில் சாய்ந்து நின்ற ஒல்லித் தண்டுகள் அவை. சட்டென்று வெளி கிடைத்தால் ஜூன் மாதக் காற்றில் வளைந்துவிடும். வெயில் பட்ட தண்டெங்கும் பக்கத் துளிர்களும் கிளம்பும், ஒவ்வொன்றும் பலகையில் கணுவாக நிற்கும். இந்தமுறை மூன்றில் ஒரு பங்கு போதும். இரண்டு மூன்று வருஷத்தில் தலைகள் விரிந்ததும் 1,000க்கு வாருங்கள், பிறகு 500.

எதை வெட்டுவது என்று தேடாதீர்கள், எதை வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான்கு மரத்துக்கு ஒன்று: நேரான தண்டு, அடியில் காயமில்லாதது, உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது பச்சை இருப்பது. அதற்கு வெள்ளைப் பெயிண்டில் வளையம். பிறகு அண்ணாந்து பாருங்கள். வெள்ளை மரத்தின் தலையை எது அதிகம் நெருக்குகிறதோ அதற்குச் சிவப்பு. 500 வெள்ளைக்கு 500 சிவப்பு. நோயுற்றதும் கவைத்ததுமாக இன்னொரு 150. தென்மேற்கு ஓரத்து இரண்டு வரிசையை இம்முறை தொடவேண்டாம், காற்றைத் தாங்குபவை அவைதான். பலரும் காய்ந்த குச்சிகளை மட்டும் எடுத்துவிட்டுக் கலைப்பு முடிந்தது என்கிறார்கள். அவை ஏற்கெனவே போட்டியில் தோற்றவை, அவற்றை எடுப்பதால் நல்ல மரத்துக்கு ஒரு கை வெளிச்சம்கூட அதிகம் கிடைக்காது.

குறியிடுவதை இலை இருக்கும்போதே, அக்டோபர், நவம்பரில் செய்யுங்கள். வெட்டுவது இலையுதிர்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை. இடையில் அனுமதி வாங்க அவகாசம் கிடைக்கும். சில்வர் ஓக், தைல மரம், சவுக்கு போன்றவற்றுக்குக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தில் (1976) விலக்கு உண்டு, தேக்குக்கு இல்லை. சொந்த நிலத்தில் நட்டதானாலும் வனத்துறையின் மர அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். பஹணி (நிலப் பதிவேடு) நகல், சர்வே நம்பர், சிவப்புக் குறியிட்ட மரங்களின் எண்ணிக்கையும் சுற்றளவும் கையில் இருக்கட்டும். வெட்ட அனுமதி வேறு, லாரியில் ஏற்றிப்போக அனுமதி வேறு.

நெருக்கமான தோப்பில் பெரிய ஆபத்து, வெட்டிய மரம் விழாமல் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொள்வது. அதன் கீழே யாரும் போகக் கூடாது. தாங்கி நிற்கும் மரத்தை வெட்டவும் கூடாது. அடியில் கயிறு கட்டி, தள்ளி நின்று பின்னால் இழுத்தால் இறங்கிவிடும். அடிக்கட்டை உயரமாக நிற்காதபடி தரையோடு ஒட்டி வெட்டுங்கள். தேக்கு மழைக்குப் பின் கட்டாயம் தழைக்கும், இரண்டு வருஷம் துளிரை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் பெரிய பணம் வராது. இந்தப் பருமனில் வைரம் (நடுவிலுள்ள கெட்டி மரம்) சிறிதுதான், பெரும்பகுதி வெளிறு (அதைச் சுற்றிய வெளிர் மரம்). வேலிக்கும் பந்தல் காலுக்கும் போகும். 15 வருஷத்தில் லட்சங்கள் என்று கன்று விற்றவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். மரத்தின் தரம் பற்றிச் சந்தேகம் இருந்தால் மல்லேஸ்வரம் 18ஆம் கிராஸில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

உதிர்ந்த சருகைக் கொளுத்தாதீர்கள். அகன்ற தேக்கிலையில் சேர்ந்து கனத்து விழும் மழைத்துளி வெறும் மண்ணைத் தோண்டிக்கொண்டு போகும், சருகுதான் அதைத் தடுக்கிறது. வெளியிலிருந்து தீ வராமலிருக்க, ஜனவரிக்குள் எல்லையைச் சுற்றி மூன்று மீட்டர் அகலத்துக்குச் சருகை வழித்துவிட்டால் போதும்.

வெள்ளை வளையத்தை நாலரை அடி உயரத்திலேயே போட்டுவிடுங்கள், வருஷாவருஷம் அதே கோட்டில் அளக்கலாம். இரண்டு மழைக்காலம் கழிந்தும் வெள்ளை மரங்களின் சுற்றளவு கூடவில்லை என்றால், அளவுகளோடு மறுபடி எழுதுங்கள்.