சர்க்கரையையும் புரதத்தையும் ஏன் பிணைக்க வேண்டும்?

கேள்வி: ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே பி) என்ற பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசியில் கிருமியின் சர்க்கரையைப் புரதத்தோடு வேதிமுறையில் பிணைக்கிறார்கள் என்று படித்தேன். இரண்டையும் கலந்து ஏற்றினால் போதாதா, ஐயா? பிணைக்கும் ரசாயனம் குழந்தையின் உடலுக்குள் போய்விடாதா?
– வாசகி ஒருவர்

பதில்: போதாது அம்மா. ஹிப் கிருமியைப் போர்த்தியிருப்பது நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதைப் பிடித்து எதிர்ப்பொருள் தயாரிக்கும் நோயெதிர்ப்பு அணுவான பி செல்லுக்கு, இன்னொரு நோயெதிர்ப்பு அணுவான டி செல்லின் உதவி வேண்டும். டி செல்லோ புரதத் துண்டைக் காட்டினால்தான் அசையும். ஆகவே பி செல் சர்க்கரையை விழுங்கும்போதே புரதமும் கூட உள்ளே போக வேண்டும். வெறுமனே கலந்தால் இரண்டும் தனித்தனி வழியில் போய்விடும். 1985இல் அமெரிக்காவில் வந்த வெறும் சர்க்கரைத் தடுப்பூசி ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் பலிக்கவில்லை. ஹிப் மூளைக்காய்ச்சல் மிகுதியாகத் தாக்கியது அந்தப் பிஞ்சுகளைத்தான். பிணைத்த தடுப்பூசியை இரண்டு மாதக் குழந்தைக்கே போட 1990இல் அனுமதி கிடைத்தது.

பிணைப்பதே என் வேலை என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒரு முறையில், சோடியம் பெர்அயோடேட் சேர்த்ததும் ஹிப் சங்கிலியிலுள்ள ரிபிட்டால் பகுதி அறுபட்டு ஆல்டிஹைடு எனும் எளிதில் வினைபுரியும் முனைகள் தோன்றும். அவை புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ தொகுதியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடி தண்ணீரில் விட்டுப்போகக் கூடியது; சோடியம் சயனோபோரோஹைட்ரைடு அதில் ஹைட்ரஜனை ஏற்றி நிலைப்படுத்துகிறது. பெர்அயோடேட்டின் அளவில்தான் கைத்திறன் இருக்கிறது. கூடினால் சங்கிலி துண்டு துண்டாகி, எதிர்ப்பொருள் அடையாளம் காண வேண்டிய வடிவமே போய்விடும். குறைந்தால் பிணைய முனை இருக்காது.

சயனோஜன் புரோமைடால் சர்க்கரையைப் பிணைப்புக்குத் தயார்படுத்தும் முறையும் உண்டு. அது நச்சு, காரத்தன்மையும் கேட்கிறது. மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு கிருமியான மெனிங்கோகாக்கஸின் ஏ வகைச் சர்க்கரையில் அசிட்டைல் தொகுதிகள் உண்டு. காரம் அவற்றைக் கழற்றிவிடும், கழன்றால் வீரியம் சரியும். ஒவ்வொரு சர்க்கரைக்கும் அதன் பலவீனம் தெரிந்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இளையவர்களிடம் ஓயாமல் சொல்லி வருகிறேன்.

நான் மிகவும் மதிப்பது கியூபாவின் வேலையை. அவர்கள் ஹிப் சர்க்கரையைக் கிருமியிலிருந்து எடுக்காமல் ஆய்வகத்திலேயே தொகுத்து, அதன் ஒரு முனையில் மாலிமைடு என்ற கொக்கியைப் பொருத்தி, அது பற்றிக்கொள்ளும் தயால் (கந்தகத் தொகுதி) ஏற்றிய டெட்டனஸ் டாக்ஸாய்டு என்ற நச்சு நீக்கிய புரதத்தோடு இணைத்தார்கள். அறுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. எந்த முனை எங்கே சேரும் என்பது முன்பே தெரியும். 2004இல் அந்த முடிவுகள் வெளியாயின.

உங்கள் அச்சம் நியாயமானது. பிணைந்த மூலக்கூறு மிகப் பெரியது. ரசாயனங்கள் மிகச் சிறியவை. நுண்துளைச் சவ்வு பெரியதை நிறுத்தி, சிறியதைக் கழுவி வெளியேற்றும். மிஞ்சிய ஆல்டிஹைடு முனைகளைச் சோடியம் போரோஹைட்ரைடு ஆல்கஹாலாக மாற்றி அடக்கிவிடும். எஞ்சிய ரசாயனம் வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பிணையாமல் தனித்து நிற்கும் சர்க்கரையையும் அளப்பார்கள். அது வரம்பைத் தாண்டினால் அந்த முறை தயாரித்த மருந்து முழுவதும் குப்பிக்குப் போகாது.