ஜெபிக்க ஏலாமக் கிடக்கு அக்கா – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் திருகோணமலைதான், உப்புவெளிப் பக்கம். பேர் போட வேணாம். நீங்க எழுதுறத கனகாலமா வாசிக்கிறன், எழுதுறது இதுதான் முதல் தரம். அம்மாவுக்கு பாரிசவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆகுது, வலப்பக்கம் வழங்காது, கதையும் வராது, நான் பாட்டுப் பாடினா மட்டும் உதடு கொஞ்சம் அசையும். இவர் கட்டார்ல. ரெண்டு பிள்ளையளும் பள்ளிக்கூடம் போகுதுகள். நான் நேசரி ரீச்சரா இருந்தனான், அம்மா விழுந்ததோட வேலைய விட்டுட்டன். முந்தி விடிய நாலரைக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் ஜெபிப்பன், இப்ப முழங்கால்ல நிண்டா அப்பிடியே கட்டில்ல தலைய வச்சு நித்திரையாப் போறன், முழிச்சா அழுகைதான் வருது. எங்கட ஜெபக் குழுவில ஒரு அன்ரி சொன்னா, "ஜெபமில்லாத வீடு கூரையில்லாத வீடு, அதாலதான் உனக்கு இவ்வளவு பாடு" எண்டு. கடவுளுக்கு என்னில கோவமா அக்கா? என்ர சீவியத்துக்கு ஒரு நோக்கம் இருக்கா, இல்ல இப்பிடியே சலமும் மலமும் அள்ளியே முடியப்போகுதா?

இப்படிக்கு ஒரு தங்கச்சி

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கட கடிதம் வந்து மூண்டு நாளாச்சு. உடன பதில் எழுதேல்ல, என்னண்டா அந்தக் கூரைக் கதைய வாசிச்சதும் எனக்கு வந்த கோவம் கொஞ்சம் ஆறட்டும் எண்டு இருந்தன். அந்த அன்ரி கெட்ட எண்ணத்தில சொல்லியிருக்க மாட்டா, எங்கட சபையளில எல்லாரும் சொல்லுற வசனம்தான் அது, நானும் சின்ன வயசில ஞாயிறு பள்ளிக்கூடத்தில சொல்லியிருக்கிறன். ஆனா கூரை இல்லாத வீட்டில நான் இருந்திருக்கிறன் தங்கச்சி, அதால எனக்கு அதச் சொல்ல வாய் வராது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள். வாடைக் காலம் எண்டபடியா தொழில் குறைவு, அம்மாட தம்பி, எங்கட சின்ன மாமா, கரையில இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தவர். நாங்க கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கேக்க கடல் வந்தது. மாமாவ மூண்டாம் நாள்தான் கண்டெடுத்தம். முதல்ல ஒரு பள்ளிக்கூடத்தில கிடந்து, பிறகு தறப்பாள் கொட்டில், தை மாசத்து மழை வேற, இரவில தறப்பாள்ல தண்ணி தேங்கித் தேங்கி நடுவில தொங்கும், ஒராள் எழும்பி தடியால குத்தி ஊத்திவிட வேணும். அந்தக் கொட்டிலுக்குள்ள பின்னேரம் ஆறு மணிக்கு நாலஞ்சு குடும்பம் சேந்து கர்த்தருடைய ஜெபம் மட்டும் சொல்லுவம், அதுக்கு மேல ஒருத்தருக்கும் ஒண்டும் வராது.

அம்மா எங்களோட சேந்து சொல்லிக்கொண்டு வருவா, "உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக" எண்ட இடம் வரேக்க வாய மூடிருவா. நாங்க சொல்லி முடிப்பம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" எண்டு வரேக்க திரும்பச் சேந்து சொல்லுவா. ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். நான் ஒருநாள் கேட்டன், ஏனம்மா அந்த வரிய விடுறீங்க எண்டு. "எனக்கு இன்னும் அது ஏலாது பிள்ளை, பொய்யா சொல்லக்கூடாதுதானே" எண்டா. அந்த வருஷம் ஈஸ்டரும் கழிஞ்சு எப்பவோ ஒருநாள் அம்மாட குரல் அந்த வரியிலயும் கேட்டது, நாங்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல, பாத்தா நிப்பாட்டிருவா எண்டு பயம்.

கடவுளில நம்பிக்கை எண்டா என்ன எண்டு ஆராவது கேட்டா எனக்கு ஞாபகம் வாறது அம்மாட அந்த மௌனம்தான். ஏலாத வரிய விட்டுட்டு, ஏலுற வரிக்கு அடுத்த நாளும் வந்து குந்தினாவே, அது. சங்கீதம் எழுதினவங்களும் அப்பிடித்தான். பதின்மூண்டாம் சங்கீதம் தொடங்குறதே "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" எண்டு. எண்பத்தெட்டாம் சங்கீதம் இன்னும் மோசம், கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், மற்ற புலம்பல் சங்கீதங்கள் மாதிரி முடிவில ஒரு தோத்திரம் கூட இல்ல. அதையும் வேதத்தில வச்சிருக்கு. அப்ப உங்கட அழுகைய மட்டும் ஏன் கணக்கில எடுக்க மாட்டார் எண்டு நினைக்கிறீங்க?

கூரைக் கதைக்கு இன்னொரு பதிலும் இருக்கு. மாற்கு ரெண்டாம் அதிகாரத்த எடுத்து வாசிங்க. கப்பர்நகூமில ஒரு வீடு, உள்ள இயேசு, வாசல்ல கால் வைக்க இடமில்லாத சனம். ஒரு திமிர்வாதக்காரன, உங்கட அம்மா மாதிரி கை கால் வழங்காத ஒராள, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூரையப் பிரிச்சு படுக்கையோட இறக்கினாங்கள். அண்டைக்கு அந்த வீட்டுக்குக் கூரை இல்ல தங்கச்சி, ஆனா ஆண்டவர் உள்ளுக்குத்தான் இருந்தவர். அதில இன்னொண்டும் எழுதியிருக்கு, "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" எண்டு. படுத்துக் கிடந்தவன் ஜெபிச்சானா, அவனுக்கு எவ்வளவு விசுவாசம் எண்டு ஒரு சொல்லும் இல்ல, தூக்கிக்கொண்டு வந்தவங்களத்தான் சொல்லுது. ரெண்டு வருஷமா நீங்க ஒராளா நிண்டு அந்தப் படுக்கையத் தூக்குறீங்க, அது நாலு பேர் தூக்க வேண்டியது. அதால அந்த அன்ரியிட்டயே கேளுங்க, வெக்கப்படாம, கிழமையில ஒருநாள் ரெண்டு மணித்தியாலம் வந்து அம்மாவோட இருக்க ஏலுமா எண்டு. சபைப் போதகரிட்டயும் சொல்லுங்க. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" எண்டு பவுல் எழுதினது இதுக்குத்தான், மேடையில வாசிக்க இல்ல.

கடவுள் கோவமா எண்டு கேட்டிருந்தீங்க. இல்ல. பிறவிக் குருடனக் காட்டி ஆர் செய்த பாவம் எண்டு சீஷர்கள் கேட்டவங்கதானே, அதுக்கு ஆண்டவர் சொன்னது "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல". உங்கட அம்மாட மூளைக்குப் போற ரத்தம் தடைப்பட்டோ ரத்தக் குழாய் வெடிச்சோதான் பாரிசவாதம் வந்தது, நீங்க நாலரைக்கு எழும்பாததால வரேல்ல. சொல்லப்போனா நீங்க நாலரைக்கு எழும்பின காலத்திலதானே அம்மா விழுந்தவா.

நித்திரையாப் போறதப் பத்தி. எலியா சூரைச்செடிக்குக் கீழ படுத்து "போதும் கர்த்தாவே" எண்டு சொல்லி சாகக் கேட்டவர், பெரிய தீர்க்கதரிசி அவர். கடவுள் அவருக்குப் பிரசங்கம் வைக்கேல்ல. தூதன் வந்து தட்டி எழுப்பினான், தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் வச்சிருந்தது, சாப்பிட்டுட்டுத் திரும்பவும் படுத்தார், ரெண்டாந்தரமும் சாப்பாடு. கதை பேச்செல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். அதால கட்டில்ல தலை சாஞ்சு நித்திரை வந்தா நல்லா நித்திரை கொள்ளுங்க, அத ஒரு தோல்வியா எடுக்காதீங்க. நித்திரையும் இல்லாம சாப்பாடும் பிடிக்காம அழுகை கிழமைக் கணக்கா நிக்குது எண்டா கிளினிக்குக்குப் போய் டொக்டரிட்டக் காட்டுங்க, விசுவாசக் குறைவு எண்டு ஒளிக்க வேணாம்.

இனி எப்ப ஜெபிக்கிறது எண்ட கேள்வி. அம்மாவுக்குப் படுக்கைப் புண் வராம ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லியிருப்பினம், என்ன? தானியேல் ஒரு நாளைக்கு மூண்டு தரம் எருசலேம் பக்கம் பலகணி திறந்து வச்சு ஜெபிச்சவர், சங்கீதக்காரன் "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" எண்டு சொல்லுறார், உங்களுக்கு அதவிடக் கூடத் தரம் ஒரு மணி அடிக்குது வீட்டிலயே. அந்தப் பக்கம் திருப்பி, முதுகத் துடைச்சு, தலகாணிய முண்டு குடுத்து வைக்கிற அந்த அஞ்சு நிமிஷம்தான் இப்ப உங்கட ஜெப நேரம். முழங்கால் வேணாம், நீங்க குனிஞ்சுதானே நிக்கிறீங்க. நெகேமியா நாள் கணக்கா உபவாசமும் ஜெபமுமா இருந்தவர், அதே ஆள் ராஜா "என்ன வேணும்" எண்டு கேட்டதுக்கும் தான் பதில் சொன்னதுக்கும் நடுவில ஒரு ஜெபம் பண்ணுறார், கிண்ணத்தக் கையில வச்சுக்கொண்டு நிக்கிற ஒரு பானபாத்திரக்காரனுக்கு எவ்வளவு நேரம் கிடைச்சிருக்கும் சொல்லுங்க, ஒரு மூச்சு விடுற நேரம். அந்த மூச்சளவு ஜெபத்தையும் வேதம் ஜெபம் எண்டுதான் எழுதியிருக்கு.

அத சத்தமா செய்யுங்க, அம்மாட காதுக்குக் கிட்ட. பாட்டுப் பாடினா உதடு அசையுது எண்டு ஒரு வரி எழுதியிருந்தீங்க, அத நான் திரும்பத் திரும்ப வாசிச்சன். பாரிசவாதத்தில கதை போன சிலபேருக்கு புதுசா ஒரு வசனம் கதைக்க ஏலாது, ஆனா சின்னனில இருந்து பழகின பாட்டு, மனப்பாடமான ஜெபம், எண்ணுறது, கிழமை நாள் சொல்லுறது இதுகள் வாயில வரும், பேச்சுச் சிகிச்சை செய்யிறவங்களும் அதப் பாவிக்கிறவங்க. அன்னாள் ஆலயத்தில ஜெபிக்கேக்க உதடு மட்டும்தான் அசைஞ்சது, சத்தம் கேக்கேல்ல, ஏலி எண்ட ஆசாரியனே அவ குடிச்சிருக்கிறா எண்டு நினைச்சார், ஆனா கேக்க வேண்டியவருக்குக் கேட்டது. அப்ப உங்கட வீட்டில ஜெபம் இல்லை எண்டு ஆர் சொன்னது?

நோக்கம் எண்டு கேட்டீங்களே, அதுதான் எனக்கு எழுதக் கஷ்டமான இடம், ஏனெண்டா ஒரு ரீச்சருக்கு பிள்ளையளிட சத்தம் இல்லாத வீடு எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு விளங்குது. நேசரிக்கு நீங்க திரும்பப் போகலாம், போவீங்க எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா இப்ப செய்யிறது நோக்கத்துக்கு வெளியில நிக்கிற காலம் எண்டு நினைக்க வேணாம். சிலுவையில தொங்கிக்கொண்டு, உலகத்துக்கு மீட்பு நடந்துகொண்டிருக்கிற அந்த நேரத்தில, ஆண்டவர் தன்ர தாயை ஆர் பாக்கிறது எண்டு ஒழுங்கு பண்ணினவர். "அதோ, உன் தாய்" எண்டு சீஷனுக்குச் சொன்னார். அது அவருக்கு இடைஞ்சல் வேலையா இருக்கேல்ல.

எங்கட கிழக்கில நடந்த ஒண்டும் சொல்லுறன். 1814ல மெதடிஸ்ட் மிஷனரிமார் இலங்கைக்கு வரேக்க, அந்தப் பயணத்துக்காகக் கனகாலம் பாடுபட்ட தோமஸ் கோக் நடுக்கடல்லயே செத்துப்போனார், இலங்கைய அவர் கண்ணால காணேல்ல. வில்லியம் ஓல்ட் எண்டவர் கப்பல்ல மனைவியையும் பறிகுடுத்திட்டு மட்டக்களப்புக்கு வந்து வேலை தொடங்கினவர், 1815 ஏப்ரல்ல அவரும் போயிட்டார், ஒரு வருஷம் கூட இருக்கேல்ல. அவர் தொடங்கின பள்ளிக்கூடம் மட்டக்களப்பில இண்டைக்கும் நிக்குது, மெதடிஸ்த மத்திய கல்லூரி. சாகேக்க அவருக்கு இது ஒண்டும் தெரியாது. தன்ர சீவியம் வீணாப் போச்சு எண்டு கூட நினைச்சிருப்பார் பாவம்.

கட்டார்ல இருக்கிற உங்கட அவருக்கும் ஒரு வேலை குடுங்க. கோல் எடுக்கேக்க காசுக் கணக்கும் பிள்ளையளிட ரியூசனும் கதைச்சு முடிஞ்ச பிறகு போன ஸ்பீக்கர்ல போட்டு அம்மாட தலமாட்டில வைங்க, எல்லாரும் சேந்து கர்த்தருடைய ஜெபத்தச் சொல்லுங்க, ஒரு நிமிஷம் கூட வராது. உங்களுக்கு ஏலாத வரி இருந்தா விட்டிருங்க, மற்றவங்க சொல்லட்டும். நானும் இஞ்ச ஆறு மணிக்குச் சொல்லேக்க உங்களயும் அம்மாவையும் நினைச்சுக்கொள்ளுறன்.

அம்மாட வாய் எந்த வரியில வந்து சேருது எண்டு பாத்து எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா