குறுக்குவில்லால் கயோட்டி வேட்டை: முதலில் எதைக் கற்க வேண்டும்?

ரைஃபிளில் கயோட்டி (ஓநாய்க்கு உறவான வட அமெரிக்க விலங்கு) வேட்டையாடிப் பழகியவர் குறுக்குவில்லுக்கு (துப்பாக்கிபோல் விசையை இழுத்து அம்பு எய்யும் வில்) மாறினால் முதலில் எதைக் கற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தூரத்தைத்தான். ரைஃபிளுக்கு 200 கெஜம் சாதாரணம். இங்கே விலங்கு 30 கெஜத்துக்குள் வர வேண்டும். அம்பு நொடிக்கு 300 முதல் 400 அடி போகும், ஒலியோ சுமார் 1,100 அடி. நாணின் சத்தம் முந்திக்கொள்வதால் கயோட்டி சட்டென்று துள்ளி விலகிவிடும். அதன் நெஞ்சுப்பகுதியும் சிறியது. தள்ளிப் பட்டால் காயத்தோடு ஓடி வதைபடும். அந்தப் பாவம் வேண்டாம். சந்தேகம் இருந்தால் எய்யாதீர்கள்.

அப்புறம் காற்று. அடிபட்ட முயலின் ஓலத்தைக் கேட்டு வரும் கயோட்டி பெரும்பாலும் நேராக வராது. சுற்றிவந்து, காற்று வாசனையைக் கொண்டுபோகும் பக்கத்திலிருந்து மோப்பம் பிடிக்கும். அதனால் காற்று உங்களுக்குப் பக்கவாட்டில் வீசும்படி உட்கார்ந்து, அந்த ஓலத்தை எழுப்பும் ஒலிக்கருவியை 20 கெஜம் முன்னால் வையுங்கள். பக்கத்திலேயே ஆடும் பொம்மை ஒன்று இருந்தால் கயோட்டியின் கவனம் அங்கே போகும்.

மறுபடி நாணேற்ற நேரமாகும், எனவே ஒரே அம்புதான். உட்கார்ந்த நிலையிலேயே பயிற்சி செய்யுங்கள். அம்பு இல்லாமல் விசையை இழுத்தால் வில் உடையலாம். விரல் நாணின் பாதையில் இருந்தால், சரி, விரலே போய்விடும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். உரிம விதிகளை முதலில் படித்துவிடுங்கள்.